உயிரோடு இருந்தவருக்கு வைத்த ஒப்பாரி

என் கையில் ஒரு பித்தளைத் தம்ளர். அதில் முக்கால் அளவுக்கு எலுமிச்சம்பழச் சாறு. சர்க்கரை போட்டுக் கலக்கி, கொட்டை மிதக்காமல் துணியில் வடிகட்டி நானே தயார் செய்தது. வடிகட்டும்போது வழிந்த சாற்றில் விரலெல்லாம் பிசுபிசுத்தது.

எனக்கு வலப்பக்கம், ஜமுக்காளத்தில் தலையணை போட்டுச் சாய்ந்தபடி எங்கள் தலைவர். அன்றைக்கு நாலாவது நாள் பட்டினி. உதடு வெடித்திருந்தது. காலை வெயில் சத்திரத்து முற்றத்தில் பாதி தூரம் வந்திருந்தது.

வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. "அம்மா வந்துட்டாக, வழிய விடுங்கய்யா" என்று நாலைந்து பேர் கத்தினார்கள். சிவகாமி அம்மாள் இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றி நிறையக் குங்குமம். கூட்டத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடியே நடந்து வந்தார்.

நான் தம்ளரை அந்த அம்மாளிடம் கொடுக்க வேண்டும். அவர் தலைவரிடம் கொடுக்க வேண்டும். தலைவர் குடித்தால் உண்ணாவிரதம் முடிந்தது. ஏற்பாடு அவ்வளவுதான். எவனோ ஒருவன் ஊர்வலத்தில் அந்த அம்மாளிடம் கேவலமாக நடந்துகொண்டான் என்பதற்காகத்தான் தலைவர் பட்டினி கிடந்தார்.

அந்த எவனோ ஒருவன் நான்தான்.

ஏன் இப்போது

போன வாரம் சிறைச் சோற்றைப் பற்றி எழுதியபோது, இந்த வாரம் ஜெயிலில் எங்களுக்கு வாத்தியாராக இருந்த ஒரு திருடனைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அவன் கொஞ்சம் காத்திருக்கட்டும். நேற்றுக் காலைப் பத்திரிகையில் ஒரு செய்தி. எங்கோ ஒரு கட்சியின் ஆர்ப்பாட்டத்தில் எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பெண்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி கோஷம் போட்டிருக்கிறார்கள். செருப்பு மாலை, விளக்குமாறு எல்லாம் வழக்கம்போல. அந்தக் கட்சித் தலைவரைக் கேட்டால், "அப்படிச் செய்தவர்கள் எங்கள் ஆட்களே அல்ல" என்கிறார்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். என் வாழ்நாளில் மூன்று கொடிகளைப் பிடித்திருக்கிறேன். மூன்று கொடிகளின் கீழும் இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை என் கையாலேயே எழுதியும் இருக்கிறேன். அலுத்துப்போய்விட்டது. அதனால் அந்த ஒரு தடவை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அழத் தெரிந்தவன்

வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் காலத்தில் எங்களிடம் மைக் கிடையாது. தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு கத்துவோம். மாசி வீதியில் இந்தக் கோடியில் கத்தினால் அந்தக் கோடியில் இருப்பவனுக்கு ஏதோ சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ஆகவே ஊர்வலத்துக்குப் பேச்சைவிட வேடிக்கைதான் முக்கியம். ஓர் அதிகாரியின் பெயரை அட்டையில் எழுதிக் கழுதையின் கழுத்தில் கட்டி நாலு வீதியும் சுற்றியிருக்கிறோம். அந்தக் கழுதை சாதுவாக நடந்தது. நாங்கள்தான் கனைத்தோம்.

வேடிக்கைக்கு நான் நல்ல சரக்கு. திருமங்கலத்திலிருந்து சின்ன வயதிலேயே ஓடிவந்து நாடகக் கம்பெனியில் சேர்ந்தவன். பல வருஷம் பெண் வேஷம் கட்டினேன். குரல் உடைந்ததும் கம்பெனிக்காரர்கள் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆனால் அழக் கற்றது மட்டும் போகவில்லை. "கண்ணு தண்ணி விடணும், மூக்கு தண்ணி விடக் கூடாது" என்று வாத்தியார் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த வித்தை அது.

வேலை இல்லாமல் திரிந்தவனைத் தொண்டர் படையில் சேர்த்துவிட்டவன் மாயாண்டி. அவனியாபுரத்துக்காரன், படைக்குக் கேப்டன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். தடியடியில் முன்னால் நின்று மண்டையை உடைத்துக்கொண்டவன். அவனுக்குக் கூட்டம் சிரிக்க வேண்டும். எனக்குக் கூட்டம் என்னைப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் நல்ல ஜோடியாக அமைந்துவிட்டோம்.

அரக்கு முத்திரை

சீமைத் துணி மறியல் நடந்த காலம். இனிமேல் சீமைத் துணி விற்பதில்லை என்று வாக்குக் கொடுத்த வியாபாரிகளின் கடைக்குப் போய், இருக்கிற சரக்கை மூட்டையாகக் கட்டி, தைத்து, அரக்கு வைத்து முத்திரை குத்திவிட்டு வருவோம். அந்த மூட்டை அப்படியே மூலையில் கிடக்க வேண்டும்.

விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு சந்தில் சொக்கலிங்கம் என்பவருடைய ஜவுளிக்கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. அவர் கடை மூட்டையில் முத்திரை உடைந்திருக்கிறது, துணி வெளியே போகிறது என்று தகவல் வந்தது. மறியலுக்கு ஆள் அனுப்பினோம். ஒரு வாரமாகச் சொக்கலிங்கம் கடைப்பக்கமே வரவில்லை. அவர் மனைவி சிவகாமி அம்மாள்தான் கடையில் இருந்தார்.

"பாத்தியா மாப்ள, இவன் உள்ள ஒளிஞ்சிக்கிட்டு பொண்டாட்டிய முன்னால விட்டிருக்கான்" என்றான் மாயாண்டி.

முத்திரை ஏன் உடைந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எலி கடித்ததோ, அவசரத்துக்குப் பிரித்தார்களோ. நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவர் ஏன் கடைக்கு வரவில்லை என்றும் கேட்கவில்லை. ஒளிந்துகொண்டிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்ட பிறகு கேட்க என்ன இருக்கிறது?

பாடை

பாடை கட்டுவது மாயாண்டியின் யோசனை. பச்சை மூங்கில் வாங்கி, வைக்கோலில் ஒரு பொம்மை செய்து, அதற்குச் சீமை மல் வேட்டி கட்டி, வாய்க்கட்டும் கட்டினோம். சங்கு ஊத ஓர் ஆள், தப்படிக்க இரண்டு பேர். வீதியெல்லாம் பொரி இறைத்துக்கொண்டே போனோம். சுடுகாட்டில் உடைக்க வேண்டிய குடத்தைக் கடை வாசலில் உடைப்பது என்று திட்டம்.

நான் முக்காடு போட்டுப் புடவை கட்டியிருந்தேன். பாடைக்குப் பின்னால் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பது என் வேலை. பாட்டும் நானே கட்டினேன்.

"சீமைத் துணி வித்த எஞ்சாமி – இப்பச்
சிங்காரப் பாடையில போறீகளே
மாசி வீதியெல்லாம் பொரியெறைக்க – ஒங்க
மானத்த விட்டுட்டுப் போறீகளே"

பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு எனக்குப் பரமானந்தமாக இருந்தது. நாடகம் விட்ட பிறகு இம்புட்டு ஜனம் என்னைப் பார்த்ததில்லை. பலகாரக் கடைக்காரர்கள் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். மாடியிலிருந்து பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தலைவர் ஊர்வலத்தின் கடைசியில், பஜனைக்காரர்களோடு கண்ணை மூடிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். முன்னால் பாடை போவது அவருக்குத் தெரியாது என்று பிற்பாடு சொன்னார். தெரியாமலும் இருந்திருக்கலாம்.

கடை வாசலில் பாடையை இறக்கினோம். சாயங்காலம் நாலு மணி இருக்கும். நான் தெருவில் உட்கார்ந்து தலையை விரித்துப் போட்டு அழுதேன். சத்தம் கேட்டுச் சிவகாமி அம்மாள் கடைப் படியில் வந்து நின்றார். மாயாண்டி குடத்தைப் போட்டு உடைத்தான். தண்ணீர் அந்த அம்மாளின் காலில் தெறித்தது.

அதோடு விட்டிருக்கலாம். பொம்மையின் மேல் போர்த்தியிருந்த வெள்ளைக் கதர்ச் சேலை என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு பெண்ணுக்குப் புருஷன் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பி கொண்டுவந்து போடுகிற வெள்ளைச் சேலைக்குக் கோடி என்று பேர். யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல், கூட்டம் இன்னும் ஒரு சிரிப்பு சிரிக்கட்டும் என்று நான் எழுந்து போய் அந்தச் சேலையை அவர் தோளில் போட்டேன்.

கூட்டம் சிரித்தது. எவனோ விசிலடித்தான்.

அந்த அம்மாள் சேலையை எடுத்து எறியவில்லை. எடுக்கத் தூக்கிய கை அப்படியே நின்றது. அப்போது கடைக்குப் பின்னாலிருந்து, நோயாளியின் குரல் ஒன்று கேட்டது.

"சிவகாமி, சங்குச் சத்தம் கேக்குதே. யாரு செத்தது?"

முன்னால் நின்ற பத்துப் பேருக்கு அது கேட்டது. பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தப்பும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

சொக்கலிங்கத்துக்கு மஞ்சள்காமாலை. பத்து நாளாக எழுந்திருக்க முடியாமல் உள்ளே படுத்திருந்தார்.

என் கையெழுத்து

மறுநாள் ஜவுளி வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து கடையடைப்பு என்றார்கள். அதுவரை எங்களுக்கு ஆதரவாக இருந்தவர்களே, "பொம்பள மேல கோடி போடுறதுதான் சுயராஜ்யமா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவர் எங்கள் தலைவர்.

தலைவரை எல்லோரும் வக்கீலய்யா என்போம். நல்ல வருமானம் வந்துகொண்டிருந்த வக்கீல் தொழிலை விட்டுவிட்டு இரண்டு முறை சிறைக்குப் போனவர். அவரை அயோக்கியர் என்று நினைத்துவிடாதீர்கள். அயோக்கியராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுலபம்.

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் அறிக்கை எழுதும் வேலை என்னுடையது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நடந்த அநாகரிகத்துக்கும் இயக்கத்துக்கும் சம்பந்தமில்லை, போலீசாரின் கூலிகள் ஊர்வலத்தில் புகுந்து இயக்கத்துக்குக் களங்கம் உண்டாக்கிவிட்டார்கள் என்று அறிக்கை. நாலு பிரதி எடுக்கச் சொன்னார். நான் போலீசின் கூலி என்று நாலு தடவை என் கையாலேயே அழகாக எழுதினேன்.

வியாபாரிகள் அதை நம்பவில்லை. ஊரே பார்த்திருக்கும்போது எப்படி நம்புவார்கள்? அதன் பிறகுதான் வக்கீலய்யா, அந்த அம்மாளின் மனம் ஆறும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாகச் சொன்னார்.

முதல் நாள் மத்தியானம் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஐயா, அந்தச் சேலையைப் போட்டது நான்தான்" என்றேன்.

"தெரியும்ப்பா" என்றார்.

"நான் போய் அந்த அம்மா கால்ல விழுந்துட்டு வந்துர்றேன்யா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நீ போய் விழுந்தா, செஞ்சது நம்ம ஆள்தான்னு ஆயிரும். அறிக்கை பொய்னு ஆயிரும். வேண்டாம். உனக்கும் சேர்த்து நான் பட்டினி கிடக்கேன். அது போதும்" என்றார்.

அப்போது எனக்கு அழுகை வந்தது. நிஜ அழுகை, மூக்கிலும் தண்ணீர் வந்தது. என்ன பெரிய மனசு என்று நினைத்தேன். என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார் என்று புரிய எனக்குப் பல வருஷமாயிற்று.

அதே வாசல்

இரண்டாம் நாள் ஊர் மாறிவிட்டது. சத்திரத்தில் பஜனை, கற்பூரம், வைத்தியர் வந்து நாடி பார்ப்பது என்று ஒரே கூட்டம். கோபமாக இருந்த வியாபாரிகள் தலைவர் முகத்தைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். மூன்றாம் நாள், எல்லோருடைய கோபமும் சிவகாமி அம்மாள் பக்கம் திரும்பியது.

சொக்கலிங்கத்தின் கடை வாசலில் போய்ப் பெண்கள் உட்கார்ந்துகொண்டார்களாம். மாயாண்டி வந்து சொன்னான். "தெருவே நிக்கிது மாப்ள. 'எங்கய்யாவக் கொன்னுறாதடி'ன்னு ஒரு பொம்பள மண்ண வாரித் தூத்துது. அந்தம்மா உள்ள புருசனுக்கு நாட்டு மருந்து அரைச்சிக்கிட்டிருக்கு." சொல்லிவிட்டு அவன் சிரிக்கவில்லை. சேலைக்குப் பிறகு அவனும் சரியாகச் சிரிப்பதில்லை.

அதே வாசல்தான். அங்கே போய் நாங்கள் விளையாட்டாக ஒரு சாவு கேட்டோம். இப்போது நிஜமாகவே ஓர் உயிரைக் கேட்டார்கள். இரண்டு தடவையும் அந்த அம்மாளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தம்ளர்

இனி முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன்.

சிவகாமி அம்மாள் என் முன்னால் வந்து நின்றார். அன்றைக்கு முக்காடும் புடவையுமாக இருந்தவன் நான், இன்றைக்குக் கதர்ச் சட்டையும் குல்லாயும். முகத்தில் அரிதாரம் இல்லை. அடையாளம் தெரியாது என்று தைரியமாகத்தான் நின்றேன். தம்ளரை நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். தம்ளரை வாங்கிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"நல்லாத்தான் அழுதீக தம்பி."

நான் குல்லாயைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் அதற்குள் தலைவர் பக்கம் திரும்பிவிட்டார்.

"மனசு ஆறிருச்சாம்மா?" என்று கேட்டார் வக்கீலய்யா.

"குடிங்கய்யா. வீட்ல அவுகளுக்குக் கஞ்சி வைக்கணும்" என்றார் அந்த அம்மாள்.

தலைவர் குடித்தார். வாழ்க என்று சத்திரமே அதிர்ந்தது. அதன் பின் அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். குரல் எழும்பாமல் நாலு வார்த்தை பேசினார். நானும் என் பங்குக்குத் தகரக் குழாயில் அதைத் திருப்பிச் சொன்னேன். கடைசி வாக்கியம் இது: "முத்திரையை உடைத்த குற்றத்தை இன்றோடு நாங்கள் மன்னித்துவிட்டோம்."

சிவகாமி அம்மாள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். அது அவர் காதில் விழுந்திருக்கும். நான்தானே கத்தினேன், என் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும்.

பெட்டியில் கிடந்தது

சொக்கலிங்கம் பிழைத்துக்கொண்டார். நான் அந்தச் சந்தை விட்டுச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஒரு சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்கப் போனபோது, ஒரு தண்ணீர்ப் பந்தலில் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தவரை நிமிர்ந்து பார்த்தால், சொக்கலிங்கம். "இன்னொரு குவளை குடிங்க தம்பி, வெயிலு கொடுமையா இருக்கு" என்றார். யாருக்காக மார்பில் அடித்துக்கொண்டு அழுதேனோ அவர் கையால் மோர் வாங்கிக் குடித்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதன் பிறகு யுத்தம் வந்தது. துணிக்குக் கட்டுப்பாடு வந்தது. ரேஷன் சீட்டு இல்லாமல் கோவணத்துக்குக்கூடத் துணி கிடைக்காது என்ற நிலைமை. ஜவுளிக்கடைகளில் வெறும் பலகைதான் இருந்தது. அந்தச் சமயத்தில்தான், ஒரு நாள் காலையில், சொக்கலிங்கம் நெஞ்சு வலியில் போய்விட்டார்.

நான் போனேன். பதின்மூன்று வருஷம் கழித்து, அந்தச் சந்துக்குள் முதல் தடவையாக. எப்படியாவது அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆண்களோடு தெருவில் நின்றேன். நிஜமான பாடை, நிஜமான சங்கு. வழியில் இறைக்க ஒரு முறத்தில் பொரி காத்திருந்தது.

மத்தியானம் திருமங்கலத்திலிருந்து அந்த அம்மாளின் அண்ணன் வந்தார். வெறுங்கையோடு வந்தார். வாசலில் நின்று பெரிய மனுஷன் குழந்தை மாதிரி அழுதார்.

"ஒரு கடையிலயும் ஒரு முழம் கெடைக்கலத்தா. கூடப் பொறந்தவளுக்குக் கோடி கொண்டுவர வக்கில்லாத பாவியாப் போனேன்."

உள்ளே இருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது. அழுது தேய்ந்த குரல்.

"நீ அலைய வேணாம்ண்ணே. கோடி வந்து பதிமூணு வருசமாச்சு. பெட்டியில கெடக்கு, எடுத்துப் போடு."

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்கள். மடிப்புக் கலையாத வெள்ளைக் கதர்ச் சேலை. மூலையில் எங்கள் கதர்க் கடையின் நீல முத்திரை அப்படியே இருந்தது. அதை அண்ணன் விரித்துத் தங்கையின் தோளில் போட்டார். பெண்கள் ஒப்பாரி எடுத்தார்கள். பாடை தூக்குவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் மத்தியானம் மறுபடி போனேன். கடை அடைத்திருந்தது. பக்கத்துக் கதவு வழியாக அந்த அம்மாள் வந்தார். அந்தச் சேலைதான் கட்டியிருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது.

"அம்மா, அன்னைக்கு அந்தச் சேலைய..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் தம்பி."

"மன்னிப்புக் கேக்கணும்னுதான் வந்தேன்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப எதுக்கு தம்பி? அதான் அன்னைக்கே ஒங்கய்யா ஒங்களுக்கும் சேத்துப் பட்டினி கெடந்துட்டாகளே. நானும் வந்து குடிக்கக் குடுத்துட்டேன். ஊரு ஒலகமெல்லாம் கூடி முடிச்சு வச்சாச்சு. இனி நானு என்னத்த மன்னிக்கிறது?"

உள்ளே போனார். போய்விட்டார் என்று நினைத்து நான் திரும்பினேன். "நில்லுங்க, வெயில்ல வந்திருக்கீக" என்று ஒரு தம்ளரில் மோர் கொண்டுவந்து நீட்டினார்.

வாங்கிக் குடித்தேன். தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெயிலில் நடந்து வந்துவிட்டேன். அந்த மன்னிப்பை நான் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.